மால்டாத் துறைமுகத்தில் ஒன்றரை மணி நேரம்

மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் மால்டா என்னும் சிறு நாடு இருக்கின்றது. அந்நாட்டின் தீவுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான்; நம் தலைநகராகிய தில்லிப் பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. காடு என்று சொல்லத்தக்க காடும் இல்லை. மண்ணுக்கடியில் தோண்டி எடுக்கத்தக்க உலோகமும் இல்லை. ஆயினும் பினீஷியர், ரோமர், அராபியர், நார்மானியர், புனித யோவான் சபை வீரத்துறவிகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக அதனைத் தம் கையில் வைத்திருந்தனர். அதன் காரணத்தை நூல்களில் தேடலாம். அதைவிட எளிய வழியும் ஒன்று உண்டு. ஸ்லீமா என்னும் ஊரின் படகுத்துறையில் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு விசைப்படகில் ஏறி, தலைநகரான வல்லெட்டாவின் இருபுறமும் உள்ள துறைமுகங்களைச் சுற்றி வருவதே அது. இதற்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

வல்லெட்டா நகரம் ஒரு நீண்ட பாறை முனையின்மீது அமைந்திருக்கின்றது. அம்முனைக்கு வடமேற்கில் இருப்பது மார்சம்ஷெட் துறைமுகம். தென்கிழக்கில் இருப்பது பெருந்துறைமுகம். இரண்டும் ஆதியில் நிலத்திலிருந்த பள்ளத்தாக்குகள். பனிக்காலம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது உப்பு நீர் உள்ளே புகுந்து அவற்றை நிரப்பிவிட்டது. மேலும் மால்டாத் தீவு கிடைமட்டமாக இல்லாமல் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கின்றது. ஆதலால் மேற்குக் கரையில் 250 மீட்டர் உயரத்துச் செங்குத்துப் பாறைகள் நிற்க, கிழக்குக் கரையில் கடல் விரல்களை நீட்டியதுபோல நிலத்துக்குள் நுழைந்து, ஆழமும் அமைதியும் உள்ள கழிகளை உண்டாக்கியிருக்கின்றது. பெருங்கப்பல்கள் கரையோரம் வரை வந்து நிற்கலாம்; புயலும் பகைவரும் எளிதில் அணுக முடியாது. மால்டாவின் செல்வம் இந்தக் கழிகளே. மற்றவை எல்லாம் அதன் பின்னே வந்தவை.

படகில் ஏறும்போதே நம்மவர், குறிப்பாக மும்பைத் தமிழர், ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். மும்பையில் இந்திய வாயிலின் அருகே எலிபெண்டாவுக்குப் படகேறுவோர், கடல் வற்றும்போதும் பெருகும்போதும் படிக்கட்டில் ஆள் உயரத்துக்கு மேல் நீர் ஏறி இறங்குவதைக் கண்டிருப்பர். மால்டாவில் நீர் ஏறி இறங்குவது ஒரு முழத்துக்கும் குறைவு. மத்தியதரைக் கடல் ஏறக்குறைய நாற்புறமும் அடைபட்ட கடல். ஜிப்ரால்டர் என்னும் குறுகிய வாயில் வழியாகப் பெருங்கடலின் ஓதம் உள்ளே அதிகம் வர இயலுவதில்லை. எனவே அங்கே படகுக்கு நேரம் பார்க்க வேண்டியதில்லை. காற்றுக்குத்தான் பார்க்க வேண்டும். ‘கிரிகால்’ என்று மால்டா மக்கள் அழைக்கும் வடகிழக்குக் காற்று பலமாக வீசினால், வெளிக்கடல் பகுதியைத் தவிர்த்துவிடுவதோ, பயணத்தையே நிறுத்திவிடுவதோ உண்டு. முன்பணம் கட்டியவர்கள் அதற்காகச் சினந்து பயனில்லை.

வழிகாட்டியின் குரல் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்திலும் வேறு சில ஐரோப்பிய மொழிகளிலும் வரும். ஆங்கிலம் அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. மக்களின் தாய்மொழியாகிய மால்டா மொழியோ அரபு மொழியின் கிளை. ஆனால் ரோம எழுத்தில் எழுதப்படுவது. வடநாட்டில் வாழ்ந்து இந்துஸ்தானி பழகிய தமிழருக்கு இம்மொழியில் ஒரு வேடிக்கை காத்திருக்கின்றது. புத்தகத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் நாம் அறிந்த ‘கிதாப்’ என்பதன் உடன்பிறப்பு. உலகத்துக்குச் சொல்லும் சொல் ‘துனியா’ என்பதன் உடன்பிறப்பு. அராபியரிடமிருந்து ஒரு சொல் கிழக்கே தில்லிக்கும் மேற்கே வல்லெட்டாவுக்கும் சென்று குடியேறியிருக்கின்றது. துறைமுகத்துக்கு அவர்கள் வழங்கும் ‘மார்சா’ என்பதும் அரபுச் சொல்லே.

படகு புறப்பட்டதும் பெரும்பாலும் மார்சம்ஷெட்டின் உட்கழிகளைத்தான் முதலில் காட்டுவார்கள். அங்கே மனோயல் தீவு என்றொரு சிறு திட்டு இருக்கின்றது. அதன்மேல் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையை வழிகாட்டி விரிவாகச் சொல்வார். அதன் ஓரத்தில், நீர்மட்டத்தை ஒட்டி, வரிசையான வளைவுகளுடன் நீண்டு கிடக்கும் கட்டடத்தைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்வது அரிது. நாம் அதைத்தான் நின்று நோக்க வேண்டும். அதன் பெயர் லாசரெட்டோ. கொள்ளைநோய்க்கு அஞ்சி, கிழக்கிலிருந்து வந்த பயணிகளையும் சரக்குகளையும் ஊருக்குள் விடாமல் தடுத்து வைத்த இடம் அது. 1643-ஆம் ஆண்டில் வீரத்துறவிகளின் தலைவர் லாஸ்காரிஸ் காலத்தில் இங்கே நிலையான கட்டடம் எழுந்தது. நோயில்லை என்று உறுதிப்படும்வரை வந்தவர்கள் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், எதிர்க்கரையில் தெரியும் நகரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தனர். அவர்கள் கொண்டுவந்த கடிதங்களைக்கூடக் கத்தியால் கீறிப் புகையூட்டிய பின்னரே உரியவரிடம் சேர்ப்பித்தனர். 1811-இல் ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவும் இங்கே அடைபட்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில் இதே கட்டடம் நீர்மூழ்கிக் கப்பல்களின் தளமாயிற்று. 2020-இல் உலகம் முழுதும் கதவடைத்துக்கொண்ட நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அந்த வளைவுகள் பழங்கதையாகத் தோன்றமாட்டா.

அங்கிருந்து திரும்பிக் கடலை நோக்கிச் செல்லும்போது வல்லெட்டா நமக்கு வலப்புறம் வருகின்றது. இருக்கையைத் தேர்ந்துகொள்ள இடமிருந்தால் மேல்தட்டில் வலப்பக்கம் அமர்வது நலம். 1565-ஆம் ஆண்டுப் பெருமுற்றுகைக்குப் பின், இனி இப்பாறையைக் காவலின்றி விடலாகாது என்று கருதி, சபைத் தலைவர் ழான் டி வலெட் 1566 மார்ச் 28-ஆம் நாள் இந்நகருக்கு அடிக்கல் நாட்டினார். திட்டம் வகுத்தவர் பிரான்செஸ்கோ லாப்பரெல்லி என்னும் இத்தாலியப் பொறியாளர். அதைத் தொடர்ந்து நிறைவேற்றியவர் உள்நாட்டவரான ஜிரோலமோ காசார். தெருக்களை வளைக்காமல் நேர்கோடாக வகுத்து, இருபுறமும் கடல்வரை விட்டுவிட்டார்கள். படகிலிருந்து பார்த்தால், வீடுகளுக்கு இடையே கீறல்போல ஒவ்வொரு தெருவும் மேலேறிச் செல்வது தெரியும். கடற்காற்று ஊருக்குள் நுழைய அதுவே வழி.

கட்டடம் முழுவதும் தேன் நிறமாக இருப்பதற்குக் காரணம் அத்தீவின் சுண்ணாம்புக்கல். தோண்டியெடுக்கும்போது வாளால் அறுக்கத்தக்க அளவு மென்மையானது. வெளிக்காற்றுப் பட்டபின் இறுகும். வீடு, கோவில், கோட்டை, வயல்வரப்பு எல்லாம் இந்த ஒரே கல்லால் ஆனவை. எனவே கோட்டை எங்கே முடிகின்றது, பாறை எங்கே தொடங்குகின்றது என்று சொல்வது பல இடங்களில் கடினம். பிற்பகல் மூன்று மணிக்குப் பின் புறப்படும் படகில் சென்றால், மேற்கு வெயில் நேராக விழுந்து அக்கல் பொன்போல் ஒளிர்வதைக் காணலாம். கோடையில் நண்பகற் படகைத் தேர்ந்தவர்களுக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

நகரத்தின் கடல்முனையில் நிற்பது 1552-இல் கட்டப்பட்ட செயின்ட் எல்மோ கோட்டை. அதைச் சுற்றும்போது படகு சிறிது நேரம் வெளிக்கடலுக்கு வந்துவிடுகின்றது. வயிறு நிலைகுலையும் இயல்புள்ளவர்கள் இந்தப் பத்து நிமிடங்களுக்குத் தயாராக இருக்க வேண்டும். துருக்கியப் பெரும்படை 1565 மே 18-ஆம் நாள் மால்டாவின் கடலில் தோன்றிற்று. இக்கோட்டையைச் சில நாட்களில் பிடித்துவிடலாம் என்று எண்ணினார்கள். பிடிக்க ஜூன் 23 வரை ஆயிற்று. அந்தத் தாமதமே முற்றுகையின் போக்கை மாற்றிவிட்டது. செப்டம்பர் 8-இல் துருக்கியர் விலகினர். இன்றும் அந்நாள் அங்கே விடுமுறை நாள். துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களின் துடுப்புப் படகுகள் பெருந்துறைமுகத்தில் பந்தயம் விடுகின்றன.

கோட்டை முனையிலிருந்து ஒரு நீண்ட அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் செல்கின்றது. முன் சொன்ன கிரிகால் காற்று நேரே துறைமுகத்துக்குள் அலையை விரட்டிவந்ததால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டினார்கள். 1903-இல் ஏழாம் எட்வர்டு மன்னர் அடிக்கல் நாட்டினார். சுவரையும் கரையையும் இணைக்கும் இரும்புப் பாலம் 1941 ஜூலையில் இத்தாலியக் கடற்படை நடத்திய தாக்குதலில் வீழ்ந்தது. இப்போது காணும் பாலம் 2012-இல் அமைந்தது. எழுபது ஆண்டுகள் அந்த இடைவெளி அப்படியே இருந்தது.

சுவரைக் கடந்து உள்ளே நுழைந்ததும் காட்சி திடீரென்று விரிகின்றது. இதுவே பெருந்துறைமுகம். இப்போது பார்வை இடப்புறம் திரும்ப வேண்டும். முதலில் ரிக்காசோலி கோட்டை. திரைப்படங்களுக்குப் பழைய ரோமாபுரியாக வேடமிட்ட இடம் அது. எந்தப் படத்தில் எந்த நடிகர் எங்கே நின்றார் என்று வழிகாட்டி சொல்லத் தொடங்கினால் எளிதில் முடிக்கமாட்டார். பயணிகளும் அதைத்தான் விரும்பிக் கேட்கின்றார்கள், அவரைக் குறை சொல்வதற்கில்லை. அடுத்து மேட்டின்மேல் தூண்களுடன் தோன்றுவது பிகி என்னும் பழைய கடற்படை மருத்துவமனை. முதல் உலகப் போரில் மால்டாத் தீவே ஒரு மருத்துவமனையாக மாறியிருந்தது. கலிப்போலிப் போர்க்களத்திலிருந்தும் சலோனிக்காவிலிருந்தும் காயமுற்றோரும் நோயுற்றோருமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பல்களில் இங்கே வந்தனர். ‘மத்தியதரைக் கடலின் செவிலி’ என்ற பெயர் இத்தீவுக்கு அப்போது வந்தது.

பிகிக்கு அப்பால் செயின்ட் ஆஞ்சலோ கோட்டை. அதன் பின்னே பிர்கு, செங்லியா, போர்ம்லா என்ற மூன்று ஊர்கள். வல்லெட்டா தோன்றுமுன் வீரத்துறவிகள் தங்கியது பிர்குவில்தான். பிர்குவுக்கும் செங்லியாவுக்கும் இடையிலுள்ள கழியின் வாயில் 1565-இல் ஒரு பெரிய இரும்புச் சங்கிலியைக் குறுக்கே கட்டிப் பகைவர் படகுகளைத் தடுத்தனர். இன்று அக்கழியில் செல்வர்களின் உல்லாசப் படகுகள் நிற்கின்றன. செங்லியாவின் முனையில் ஒரு சிறு கல் காவற்கூண்டு தொங்குகின்றது. அதன் பக்கங்களில் ஒரு கண்ணும் ஒரு காதும் செதுக்கியிருக்கின்றார்கள். காவலன் கண்ணயரலாகாது என்பது அதன் கருத்து. மீனவரின் ‘லுட்ஸு’ என்னும் வண்ணப்படகுகளிலும் முகப்பில் இரு கண்கள் உண்டு. பினீஷியர் காலத்திலிருந்து வரும் வழக்கம் என்பார்கள்.

இந்த மூன்று ஊர்களின் வீடுகள் பல, பார்வைக்குப் பழமையாகத் தோன்றினாலும், போருக்குப் பின் கட்டியவை. 1941 ஜனவரியில் சேதமுற்ற விமானந்தாங்கிக் கப்பலான இல்லஸ்டிரியஸ் இக்கழிகளில் ஒன்றில் ஒதுங்கியது. அதை அழிக்க வந்த ஜெர்மானிய விமானங்களின் குண்டுகள் செங்லியாவையும் பிர்குவையும் நொறுக்கின. மக்கள் மென்மையான அந்தச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அதற்குள் வாழ்ந்தனர். 1942 ஏப்ரல் 15-ஆம் நாள் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தீவு முழுமைக்கும் ஜார்ஜ் சிலுவை விருதை அளித்தார். விருதால் வயிறு நிறைவதில்லை. உணவும் எண்ணெயும் தீரும் நாளை அதிகாரிகள் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். அந்த நாள் வந்தால் சரணடைவதைத் தவிர வேறு வழியிருந்திராது. அவ்வாண்டு ஆகஸ்டில் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் ஐந்தே வந்து சேர்ந்தன. கடைசியாக, ஒகையோ என்ற எண்ணெய்க் கப்பல், ஓட இயலாத நிலையில், இருபுறமும் நாசகாரிக் கப்பல்களோடு பிணைக்கப்பட்டு, ஆகஸ்டு 15 அன்று, மேரி மாதாவின் திருநாளில், நாம் இப்போது செல்லும் இதே நீர்வழியில் உள்ளே நுழைந்தது. கரையெங்கும் மக்கள் கூடி நின்றனர்.

ஆங்கிலேயர் இத்தீவைக் கைக்கொண்டது 1800-இல். மால்டா 1964 செப்டம்பர் 21-இல் விடுதலை பெற்றது, 1974-இல் குடியரசாயிற்று, ஆங்கிலப் படைகள் கடைசியாக வெளியேறியது 1979 மார்ச் 31-இல். பிர்குவின் கரையில், ஆங்கில மாலுமி ஒருவன் உள்ளூர்க்காரனோடு கைகுலுக்கி விடைபெறும் சிலை அதைக் குறிக்கின்றது. படகிலிருந்து பார்க்கச் சிலை சிறியது. பிர்கு கரையோரம் நடந்து சென்று பார்க்கத்தக்கது.

இனித் துறைமுகத்தின் உட்கோடியில் படகு திரும்பி, வல்லெட்டாவின் அடிவாரத்தை ஒட்டி வெளியே வருகின்றது. கரையில் பிண்டோ என்னும் தலைவர் காலத்துப் பண்டகசாலைகள் வண்ணக் கதவுகளோடு வரிசையாக நிற்கின்றன; இப்போது உணவகங்கள். அவ்விடத்தில் ஒரு சிறு நினைவுச்சின்னம் இருக்கின்றது. 1950-க்கும் 1965-க்கும் இடையே, ஏறத்தாழ 300 மால்டாச் சிறுவர் சிறுமியர், பெற்றோர் துணையின்றி, நல்வாழ்வு கிட்டும் என்ற வாக்குறுதியோடு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் நினைவாக எழுந்தது அது. வெளிநாடு சென்றவர்கள் அவர்கள் மட்டும் அல்லர். போர் முடிந்தபின் மூன்று பத்தாண்டுகளில், இச்சிறு தீவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து என்று பிழைப்புத் தேடிப் புறப்பட்டார்கள். கப்பல் ஏறிய இடம் இந்தத் துறைமுகமே. ஒலிபெருக்கியில் படைத்தலைவர்களின் பெயர்கள் வரும்; இவர்களைப் பற்றி வருவது சிறிதே. சொந்த ஊரை விட்டுப் புறப்பட்ட நாளை மறவாத நம்மவர்க்கு, இக்கரையைப் பார்க்கும்போது வேறு விளக்கம் தேவைப்படாது.

இப்போது அந்த ஓட்டம் திசை மாறியிருக்கின்றது. 2021-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மால்டாவில் வாழ்வோரில் ஐவரில் ஒருவருக்கு மேல் அயல்நாட்டவர்; அவர்களுள் இந்தியர் முன்வரிசையில் இருக்கின்றனர். மருத்துவமனைகளிலும் உணவகங்களிலும் பேருந்துகளிலும் அவர்களைக் காணலாம். அவர்களுக்கு முன்பே, 1880-களிலிருந்து, சிந்து நாட்டு வணிகர்கள் வல்லெட்டாவில் துணிக்கடைகளும் கலைப்பொருட் கடைகளும் நடத்திவந்தனர்.

அதற்கும் முன்னால் வந்த இந்தியர் உண்டு. 1878-இல் ருசியாவுக்கும் துருக்கிக்கும் இடையே மூண்ட பூசலில், ருசியாவை அச்சுறுத்துவதற்காக ஆங்கிலப் பிரதமர் டிஸ்ரேலி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் போர்வீரர்களைப் பம்பாயிலிருந்து சூயஸ் வழியாக மால்டாவுக்கு வரவழைத்தார். அவர்களுள் மதராஸ் சாப்பர் படையினரும் இருந்தனர். தமிழர் பெருவாரியாகப் பணிபுரிந்த படை அது; பெங்களூரில் வாழும் தமிழர் அல்சூர் ஏரிக்கரையில் அதன் இன்றைய தலைமையகத்தை அறிவார்கள். மால்டாவில் அவர்கள் போரிட நேரவில்லை. சில மாதங்களில் ஒரு பகுதியினர் சைப்பிரஸ் தீவுக்குச் சென்றனர். இந்தச் செய்தி எந்தப் படகின் ஒலிபெருக்கியிலும் பெரும்பாலும் வராது.

நண்பகலை ஒட்டிய படகில் இருப்பவர்கள், வல்லெட்டாவின் மேற்கொத்தளத்திலிருந்து பன்னிரண்டு மணிப் பீரங்கி முழங்குவதைக் கேட்கலாம். முற்காலத்தில் துறைமுகக் கப்பல்கள் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொள்ள வழங்கிய மரபு. இன்று பயணிகளுக்காகத் தொடர்கின்றது. பிறகு படகு மீண்டும் எல்மோ முனையைச் சுற்றி ஸ்லீமாவில் கொண்டு இறக்கிவிடும்.

செல்லுமுன் சில செய்திகள். மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-இல் சேர்ந்த நாடு, நம்மவர்க்கு ஷெங்கன் நுழைவு அனுமதி வேண்டும், நாணயம் யூரோ. தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். குளிர்காலமாயின் காற்றைத் தடுக்கும் மேலாடையும் வேண்டும். சுற்றுப்படகின் கட்டணம் மிகுதி என்று கருதுவோர் மற்றொரு வழியை நாடலாம். ஸ்லீமாவிலிருந்து வல்லெட்டாவுக்கும், வல்லெட்டாவிலிருந்து மூன்று ஊர்களுக்கும் பொதுமக்களின் படகுகள் செல்கின்றன. ‘டாய்ஸா’ என்னும், முனை உயர்ந்த சிறு மரப்படகுகளும் பெருந்துறைமுகத்தின் குறுக்கே ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. அவற்றில் விளக்கவுரை கிடையாது. நீர்மட்டத்துக்கு மிக அருகில் அமர்ந்து கோட்டைகளை அண்ணாந்து பார்க்கலாம். காட்சிக்கு அதுவே மேல் என்பது என் கருத்து.

இன்னும் அரை நாள் கையில் இருப்பவர்கள் பியேட்டா என்னும் ஊருக்குச் செல்லலாம். மார்சம்ஷெட்டின் உட்கழி ஒன்றின் கரையில், வல்லெட்டாவிலிருந்து பேருந்தில் சிறிது தூரத்தில் அது இருக்கின்றது. சுற்றுப்படகு அதன் பக்கமாகச் செல்லுமே தவிர நிற்பதில்லை. அங்குள்ள போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில், முதல் உலகப் போரின்போது மால்டாவில் இறந்து எரியூட்டப்பட்ட இந்தியப் படையினரின் பெயர்களைப் பொறித்த ஒரு நினைவுக்கல் தனியே நிற்கின்றது.